அத்தாவின் கோபம்

கோபத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிவைத்தவை ஏராளம். கோபம் வந்தால் நிற்பவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும். ஒளுச் செய்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் மதரஸாவில் ஓதிய நாளிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியனாக இருந்த நான், சினங்காத்தலைப் பற்றிப் பேசாத வகுப்பே இல்லை எனலாம். ஆனால், கோபம் என்று நாம் அழைப்பது எப்போதும் கோபந்தானா என்றொரு கேள்வி இருப்பதை, என் அறுபத்தாறாம் வயதில், சிறுசேரியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கதவுக்குப் பின்னால் நின்றபோதுதான் அறிந்துகொண்டேன். அதைக் கற்பித்தவன் ஏழு வயது நிரம்பாத என் பேரன்.

2021ஆம் ஆண்டில் என் மனைவி வஃபாத்தானாள். நாற்பதாண்டு இல்லறம். ஒரே இரவில், நெஞ்சுவலி என்று சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தஞ்சைப் பகுதியில் எங்கள் ஊர் முழுவதும் வீட்டில் கூடியிருந்தது. நான் அழவில்லை. கஃபன் துணிக்கு ஏற்பாடு செய்தேன். வெளியூர்ச் சொந்தங்களுக்குச் செய்தி சொன்னேன். ஜனாஸாவைத் தோளில் சுமந்தேன். வந்தவர்கள் பசியோடிருக்கக் கூடாதென்று பார்த்துக்கொண்டேன். "வாத்தியாருக்கு அல்லாஹ் எவ்வளவு சபூரைக் கொடுத்திருக்கிறான் பாருங்கள்" என்று ஊரார் மெச்சினார்கள். நானும் அதைச் சபூர் என்றே நம்பினேன்.

தனியாக இருக்க வேண்டாம் என்று அடுத்த ஆண்டு மகள் வந்து என்னைச் சிறுசேரிக்கு அழைத்துக்கொண்டாள். அவளும் மாப்பிள்ளையும் அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்ப்பவர்கள். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அந்தப் பகுதி, ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது என்கிறார்கள். இன்று அங்கே இரவு பகல் என்ற பேதம் இல்லை. நள்ளிரவிலும் கண்ணாடிக் கட்டடங்களில் விளக்கு எரியும்; ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டிகள் விடிய விடிய ஓடும். எங்கள் வீடு பன்னிரண்டாம் மாடி. வானம் தெளிந்த காலையில் பால்கனியில் நின்றால், கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழி தகடுபோல் மின்னும். அதற்கப்பால் கோவளத்துக் கடல் ஒரு கோடாகத் தெரியும். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே நான் எரிச்சலோடு நிற்பேன்.

எதைக் கண்டாலும் எரிச்சல். தேநீர் ஆறியிருந்தால் எரிச்சல், சுட்டால் எரிச்சல். மின்தூக்கி வரத் தாமதமானால் காவலாளியிடம் பாய்ச்சல். மகள் கணினி முன் அமர்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தால், என்னை மதிக்கவில்லை என்ற நினைப்பு. எனக்கே தெரியாமல் குரல் உயரும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதன்பின் சொல்ல முடியாத வெட்கம். அழுகை வரும்போலிருக்கும், வராது.

இரவில் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு உறக்கம் கிடையாது. எழுந்து ஒளுச் செய்து முஸல்லாவில் அமர்ந்திருப்பேன். "அத்தா தஹஜ்ஜத்தை விடுவதே இல்லை" என்று மகள் தன் தோழியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். தொழுதது உண்மை. ஆனால் எழுப்பியது பக்தியல்ல; உறக்கமின்மை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் மாலை. என் மனைவியின் மூக்குக்கண்ணாடி என் பெட்டிக்குள் இருந்தது. பேரன் அதை எப்படியோ எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் நன்னி குர்ஆன் ஓதுகிறபோது முன்னும் பின்னும் ஆடுவாளே, அதுபோல் ஆடிக்காட்டினான். குழந்தை அவளை மறக்கவில்லை என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கையிலிருந்த எவர்சில்வர் தம்ளரை வீசியெறிந்தேன். அது அவன் தலைக்கு ஒரு சாண் மேலே சுவரில் பட்டு விழுந்தது. குழந்தை அழக்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றி மெல்லக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன், மகளின் அறைக்கதவுக்குப் பின்னிருந்து அவன் குரலைக் கேட்டேன். "நன்னாவுக்கு நம்மளைப் பிடிக்காதாம்மா?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஏறத்தாழ இதே சொற்களில், இதே தாழ்ந்த குரலில், நான் என் தாயாரிடம் கேட்டிருக்கிறேன். "அத்தாவுக்கு நம்மளைப் பிடிக்காதாம்மா?"

என் அத்தா ரங்கூனில், மொகல் தெருவில், துணிக்கடை வைத்திருந்தவர்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் பாட்டுப் பாடுவார்கள், எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1964ஆம் ஆண்டில் ஜெனரல் நே வின்னின் அரசு கடைகளையெல்லாம் நாட்டுடைமையாக்கியது. அதே ஆண்டு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. இலட்சக்கணக்கான இந்தியர்கள் அந்தக் காலத்தில் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர். அவர்களோடு அத்தாவும் ஒரு தகரப்பெட்டியுடன் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. பெட்டியில் இரண்டு கைலிகளும், கடையில் துணி அளந்த கெஜக்கோலும் இருந்தன.

கடை வைத்திருந்தவர் பிறர் கடையில் கணக்கெழுதப் போனார். அன்று தொடங்கிய கோபம், 1986இல் அவர்கள் இறையடி சேரும்வரை எங்கள் வீட்டை ஆண்டது. குழம்பில் உப்புக் கூடினால் தட்டு முற்றத்தில் பறக்கும். அந்தக் கெஜக்கோல் எங்கள் முதுகுகளை நன்றாக அறியும். மற்ற நேரங்களில் திண்ணையில் தெருவைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். கேட்டதற்கும் மறுமொழி வராது. பர்மாவைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. 'ஜின் பிடித்திருக்கிறது, ஏர்வாடிக்குக் கொண்டுபோய்க் கொஞ்சநாள் விட்டுவைக்கலாம்' என்று உறவினர் ஒருவர் சொன்னபோது அம்மா ஒப்பவில்லை. அவர்கள் ஒப்பாதிருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது பின்னாளில்தான் விளங்கியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டு கிடந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி மாண்டார்கள். 28 உயிர்கள் பறிபோயின. அன்றைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் அத்தாவை நினைத்தேன்.

ஆனால் அவர்களை நான் மன்னித்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அத்தாவைப் போல் நான் ஆகக் கூடாது என்று உறுதி செய்துகொண்டே வளர்ந்தேன். அந்த நானே, தம்ளரை வீசியெறிந்த கையோடு, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் நானாகவே மகளிடம் சொன்னேன், "எனக்கு என்னவோ செய்கிறது, டாக்டரிடம் போக வேண்டும்" என்று. மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். ஊரிலிருந்த உறவினர்கள், "வாத்தியாருக்கு என்ன குறை, அங்கெல்லாம் போவதற்கு?" என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும், "மாமா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதில்லையா? அதைப்போலத்தான்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

மருத்துவர், என் மகளின் வயதிருக்கும் பெண்மணி. கோபத்தைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பசி எப்படி, முன்பு விரும்பிப் படித்த நூல்களை இப்போது படிக்க முடிகிறதா, உடல் இளைத்திருக்கிறதா, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுவதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தைராய்டுக் குறைவு இருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். கடைசியில், "மனைவி இறந்தபின் அழுதீர்களா ஐயா?" என்றார். இல்லை என்றேன். "உங்களுக்கு இருப்பது மனச்சோர்வு நோய். அது உங்களிடம் கண்ணீராக வரவில்லை, கோபமாக வருகிறது" என்றார்.

மனச்சோர்வு என்றால் ஒரு மூலையில் முடங்கிக் கிடப்பது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிடும் நோய்க்கணிப்புக் கையேட்டில்கூட, சோக மனநிலைக்கு ஈடாக எரிச்சலை ஓர் அறிகுறியாகச் சொல்லியிருப்பது சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் மட்டுமே. வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. எனினும் மருத்துவர்கள் நடைமுறையில் கண்டது வேறு. 1990களில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் மாரிசியோ ஃபாவாவும் அவரைச் சேர்ந்தவர்களும், மனச்சோர்வுக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திடீர்க் கோப வீச்சுகள் வருவதைப் பதிவு செய்தார்கள். சிறு காரணத்துக்குப் பொங்கும் பெருஞ்சினம், படபடப்பு, வியர்வை, அடங்கியபின் குற்றவுணர்ச்சி. மருத்துவர் இதை விளக்கியபோது, என்னை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது. சோர்வுக்குத் தரும் மருந்தாலேயே அந்த வீச்சுகளும் பலருக்குத் தணிந்தன என்பது அவர்கள் கண்ட மற்றொரு செய்தி.

இதன் பொறிமுறையும் ஓரளவு புரியக்கூடியதே. மூளையில் ஆபத்தை உணர்ந்து அலறும் பகுதி ஒன்றுண்டு. அதை அடக்கி ஆளும் முன்மூளைப் பகுதி ஒன்றுண்டு. உறக்கம் கெட்டால் முன்னதன் அலறல் மிகும். பின்னதன் பிடி தளரும். மாதக்கணக்கில் உறங்காத மனிதனுக்கு ஆறிய தேநீரும் அவமானமாகப் படுவதில் வியப்பில்லை.

இன்னொரு கோணமும் உண்டு. வியன்னாவின் சிக்மண்ட் ஃபிராய்டு 1917இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், இழப்புத் துயரையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டார். நம்மை விட்டுப் போனவர்மீது நாம் கொண்ட கோபமே, வெளியே போக வழியில்லாமல் நம்மேல் திரும்பி, நம்மையே நொந்துகொள்ளச் செய்கிறது என்பது அவர் கருத்து. அவர் சொன்னதையெல்லாம் இன்றைய மருத்துவர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் இந்த ஒன்றைக் கேட்டபோது என் மனம் திடுக்கிட்டது. என் மனைவிமீது எனக்குக் கோபம் இருந்தது! ஒரு சொல்லும் சொல்லாமல், என்னைக் கேளாமல், என்னை விட்டுப் போய்விட்டாளே என்ற கோபம். அதை நினைப்பதே இறைவனின் விதியை எதிர்ப்பதாகும் என்று அஞ்சி, நினைப்பையே மூடி வைத்திருந்தேன்.

'உண்மையான ஈமான் உள்ளவனுக்கு மனச்சோர்வு வருமா?' என்று கேட்போர் நம்மில் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், பலன் இன்னும் தெரியாதிருந்த நாட்களில், திருமறையை விரித்து யூசுஃப் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தேன். மகனை இழந்த யஃகூப் (அலை) அவர்கள் துயரத்தால் கண்கள் வெளுத்துப் போனார்கள் என்று கூறும் வசனத்தின் முடிவில் 'கழீம்' என்ற சொல் வருகிறது. உள்ளே அடக்கிக்கொண்டவர் என்பது பொருள். இந்தச் சொல்லை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று தேடினேன். ஆல இம்ரான் அத்தியாயத்தில், கோபத்தை விழுங்கிக்கொள்ளும் நல்லடியார்களைச் சொல்லும் இடத்திலும் இதே வேர்ச்சொல். கோபத்தோடு வெளியேறிச் சென்று, மீனின் வயிற்று இருளில் இறைவனை அழைத்த யூனுஸ் (அலை) அவர்களைப் பற்றி அல்கலம் அத்தியாயம் கூறும் இடத்திலும் இதே வேர்.

நீர் நிறைந்த தோற்பையின் வாயை இறுகக் கட்டுவதற்கு அரபியர் வழங்கிய சொல் இது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அடக்கிய கோபத்துக்கும் அடக்கிய துயரத்துக்கும் ஒரே சொல்! பை ஒன்றுதான், உள்ளே நிறைந்திருப்பது எது என்பது கட்டியவருக்கே சில நேரங்களில் தெரிவதில்லை.

ஆனால் கட்டி வைப்பதோடு அந்த இடங்கள் நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கோபத்தை விழுங்குவோரைப் புகழ்ந்த வசனம், உடனே மக்களை மன்னிப்போரையும் புகழ்கிறது. யஃகூப் (அலை) அவர்களும், மக்கள் குறைகூறியபோது, தம் துயரை இறைவனிடம் முறையிடுவதாக வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே நம் வரலாறு குறிக்கிறது. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது பெருமானார் (ஸல்) கண்ணீர் சிந்தினார்கள். நபிமார்கள் அழுதிருக்க, ஒரு பள்ளி வாத்தியார் அழாதிருந்ததைச் சபூர் என்று யார் சொன்னது?

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை மருத்துவமாக எழுதியவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். பல்க் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கி. 934ஆம் ஆண்டில் மறைந்தவர். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக வைத்து எழுதினார். கோபம், துயரம், அச்சம், அலைக்கழிக்கும் வீண் எண்ணங்கள் என்று உள்ளத்தின் நோய்களை நான்காகப் பிரித்தார். துயரத்தையும் இரண்டாகப் பகுத்தார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணமின்றி, உடலின் கேட்டால் விளையும் துயரம் மற்றொன்று. பின்னதற்கு உடலுக்கும் வைத்தியம் வேண்டும் என்றார். உடல் நலமாயிருக்கும்போதே மருந்துகளைச் சேமித்து வைப்பதுபோல், மனம் நலமாயிருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. துஆவுக்கும் மருந்துக்கும் பகையில்லை என்பதை அன்றே அறிந்தவர்கள் நம் முன்னோர்.

எனக்குப் பலன் தெரிய ஐந்தாறு வாரங்கள் ஆயின. முதலில் உறக்கம் திரும்பியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போயிருந்தோம். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் போற்றும் தர்கா அங்கே கடலோரத்தில் இருக்கிறது. வெளியே மணலில் உட்கார்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல், மனைவி இறந்த நாளிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது. நெடுநேரம் அழுதேன். மகள் தடுக்கவில்லை. பேரன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அருகில் வந்து அமர்ந்தான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நன்னா தம்ளரை எறிந்தது தப்பு. உன்மேல் கோபமில்லை. நன்னியை நினைத்து மனம் வலித்தது, அதைச் சொல்லத் தெரியாமல் கத்திவிட்டேன்" என்றேன். நோய் ஒரு விளக்கமே அன்றி, விலக்கு அல்ல. தம்ளர் ஒரு சாண் கீழே பட்டிருந்தால், எந்த மருத்துவ விளக்கமும் அந்தக் குழந்தைக்கு மருந்தாகியிருக்காது. கோபத்தின் அடியில் துயரம் இருக்கிறது என்பதற்காக, வீட்டிலிருப்பவர்கள் அடியும் வசையும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மா அப்படிப் பொறுத்தார்கள். பொறுத்ததால் அத்தாவின் நோய் தீரவில்லை.

நம் வீடுகளில் ஆண்களுக்குக் கோபம் அனுமதிக்கப்படுகிறது, அழுகை அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே துயரம் அனுமதியுள்ள வாசல் வழியாக வெளியேறுகிறது. பெண்களுக்கோ பல வீடுகளில் கோபமும் இல்லை. அவர்களுடைய சினம் தலைவலியாகவும், பசியின்மையாகவும், 'ஒன்றுமில்லை' என்ற மறுமொழியாகவும் உள்ளேயே தங்கிவிடுகிறது. எப்போதும் சிரித்திருந்த ஒருவர் இரண்டு மூன்று வாரங்களாய் எரிந்து விழுகிறார், உறங்குவதில்லை, உண்பதில்லை என்றால், அவருடைய குணம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அவருக்கு என்ன வலிக்கிறது என்று கேட்க வேண்டாமா? சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அண்மையில் எங்கள் மின்தூக்கியில் ஓர் இளைஞர், உணவு கொண்டுவந்த பையனைப் பத்து நிமிடத் தாமதத்துக்காகக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்தார். பையன் இறங்கிப் போனதும், சுவரில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். முன்பாயின் பண்பைப் பற்றி அவருக்கு ஒரு வகுப்பே எடுத்திருப்பேன். "தம்பி, தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மாடி வந்தும் இறங்கவில்லை. என்னோடு பன்னிரண்டாம் மாடிவரை வந்து, பால்கனியில் அமர்ந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். போகும்போது, அந்தப் பையனிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று தாமாகவே சொன்னார்.

என் அத்தாவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடி வாங்கிய வயதில் கேட்கத் தெரியாது. தெரிந்த வயதில் கேட்க மனம் வரவில்லை. 'ரங்கூன் கடையை நினைத்துக்கொள்கிறீர்களா அத்தா?' என்று திண்ணையில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால், அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? தெரியாது. கெஜக்கோல் இன்னமும் ஊர்வீட்டுப் பரணில் இருக்கிறது.

இப்போதெல்லாம் தொழுகைக்குப்பின் அத்தாவுக்காகவும் துஆச் செய்கிறேன்; கடமைக்காக அல்ல, அவர்களைப் புரிந்துகொண்டவனாக. வல்ல இறைவன் அவர்களுடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக! நம் வீடுகளில் வாய் கட்டப்பட்டுக் கிடக்கும் உள்ளங்களைத் திறந்து பேசவைக்கும் பரிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.